முதுமை மறதி நோய்: ஏழை வீட்டுக்கும் வைத்தியம் வேண்டும்



வயதானால் மறதி வருவது இயற்கைதானே, இதில் படிக்க என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது சாதாரண மறதி. ஆனால் பழகிய தெருவிலே வீடு தெரியாமல் நிற்பதும், சாப்பிட்ட கையோடு "இன்னும் சோறு போடலையே" என்பதும், பெற்ற மகனையே "நீ யாருப்பா?" என்று கேட்பதும் நோயின் அறிகுறிகள். இதற்குப் பெயர் டிமென்ஷியா. இதில் அதிகம் காணப்படும் வகையை ஜெர்மானிய டாக்டர் அல்சைமர் 1906-ல் விளக்கினார். மூளையின் இரத்தக் குழாய்கள் அடைபடுவதாலும் இந்நோய் வரும்.

யாருக்கு அதிகம்?

2023-ல் வெளியான அகில இந்திய ஆய்வின்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் உள்ளது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அதிகம். சிறுவயதில் படிப்பு கிடைக்காதது, இரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேளாமை, சரிசெய்யாத பார்வைக் குறைவு ஆகியவை நோய்க்கு வழிவிடுகின்றன என்று லான்செட் குழு 2024-ல் கூறியது. இவற்றில் பெரும்பாலானவை ஏழை வீட்டின் குறைகள் அல்லவா?

அளக்கும் கருவியிலேயே பிழை

நோயைக் கண்டறிய 1975-ல் அமெரிக்காவில் ஒரு 30 மார்க் பரீட்சை உருவானது. 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும். ஒரு வாக்கியம் எழுத வேண்டும். படம் வரைய வேண்டும். கைநாட்டு வைக்கும் நம் பாட்டிக்கு நோயே இல்லாவிட்டாலும் மார்க் குறையும்! ஜீரோ எரர் உள்ள மீட்டரில் ரீடிங் எடுத்தால் என்ன ஆகும் என்று லேபில் பார்த்த நமக்குத் தெரியும். இதே பிழை மறுபக்கமும் உண்டு. "படிக்காத கிழவி, அப்படித்தான் பேசும்" என்று விட்டுவிடுவதால் உண்மையான நோயும் தப்பிவிடுகிறது.

இதைச் சரிசெய்ய 1990-களில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில், எழுத்தறியாதவருக்கும் பொருந்தும் கேள்விகளை இந்தியில் உருவாக்கினார்கள். 1998-ல் '10/66' என்ற ஆராய்ச்சிக் குழு தொடங்கியது. நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில். ஆராய்ச்சியோ 10 சதவீதம்கூட இல்லை என்பதே அந்தப் பெயரின் பொருள். சென்னையும் வேலூரும் அதன் ஆய்வு இடங்கள். அவர்கள் நோயாளியை மட்டும் கேட்கவில்லை. "முன்பு செய்த வேலையை இப்போது செய்கிறாரா?" என்று வீட்டாரையும் கேட்டார்கள்.

தூரமும் கூலியும்

சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு முதியவரை பஸ் மாறி மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் ஒரு நாள் போச்சு. கூடப் போனவரின் கூலியும் போச்சு. 2022-ல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது நல்ல காரியம். ஆனால் பார்த்துக்கொள்ளும் பாரம் வீட்டுக்குள்தான். மில்லுக்கோ காட்டு வேலைக்கோ போகும் மகளோ மருமகளோதான் வேலையை விட்டு நிற்கிறாள். அந்த உழைப்புக்குச் சம்பளமும் இல்லை, லீவும் இல்லை.

நாம் செய்யக் கூடியவை

1. "வயசாச்சு" என்று விடாதீர்கள். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதி தரும். அவற்றுக்கு வைத்தியம் உண்டு.

2. மாற்றங்களைத் தேதி போட்டு நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். எழுதத் தெரிந்த நாம்தான் இதைச் செய்ய வேண்டும்.

3. பிரஷர், சர்க்கரை மாத்திரை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிற்கே வந்து தருகிறார்கள்.

4. முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416. இரண்டும் இலவசம். தமிழிலேயே பேசலாம்.

5. வாரம் ஒரு நாளாவது நாம் கூட இருந்து, பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்கோ அத்தைக்கோ ஓய்வு கொடுப்போம். ஆண்பிள்ளைகளும்தான்!

அல்சைமர் நோயை முழுவதும் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் சீக்கிரம் கண்டறிந்தால் மருந்தாலும் கவனிப்பாலும் துன்பத்தைக் குறைக்கலாம். பள்ளிக்கூடம் போக முடியாமல் வயலிலும் தறியிலும் உழைத்து நம்மைப் படிக்க வைத்தவர்களுக்கு அந்தக் கவனிப்பு தர்மம் அல்ல, உரிமை. அதைக் கேட்டு வாங்கித் தருவது படித்த நமது கடமையாகும்.