ஆறுமணிக்குருவியை அடையாளம் காண்பது எப்படி?

"கொல்லையில் ஒரு பறவை. மீன்கொத்தி மாதிரி இறக்கையில் நீலம், ஆனால் வாலே இல்லை. என்ன அது?" ஒவ்வோர் அக்டோபரிலும் யாராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது ஆறுமணிக்குருவிதான். தோட்டக்கள்ளன் என்றும் பெயர் உண்டு. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும்.

இதைத் தேடுகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, மரத்தை அண்ணாந்து பார்ப்பது. முதல் வேலை காதுக்கு. காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிப் புதருக்குள்ளிருந்து இரண்டே சுரத்தில் ஒரு சீழ்க்கை கேட்கும்: 'வீட்‑டியூ'. முதல் பாதி ஏறும், அடுத்தது இறங்கும். பெயர் வந்ததே இதனால்தான்.

அடுத்து தரையைப் பாருங்கள். நிழலடியில் சருகைப் புரட்டிப் புழு, பூச்சி பொறுக்கிக்கொண்டிருக்கும். நாலடி தத்தும், நிற்கும், குட்டை வாலை மெல்ல மேலும் கீழும் ஆட்டும். மீன்கொத்தி இப்படித் தரையில் தத்தித் திரியாது. அதன் அலகும் நீண்டு பருத்திருக்கும்.

நிறம் கடைசியில்தான். கண்ணின் குறுக்கே போகும் கறுப்புப் பட்டை, அதன்மேல் வெள்ளைப் புருவம், வெள்ளைத் தொண்டை, பச்சை முதுகு, மங்கிய மஞ்சள் வயிறு, வாலடியில் சிவப்பு. அளவில் மைனாவைவிடச் சிறியது. இத்தனை நிறமிருந்தும் சருகு நிழலில் அசையாமல் நின்றால் கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால் பின்னால் ஓடாதீர்கள். ஓரிடத்தில் கால்மணி நேரம் உட்கார்ந்தால் அதுவே வெளியே வரும். செல்போனில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது வேண்டாம். களைத்து வந்த பறவையை வீணாக அலைக்கழிப்பதாகும்.

இரவில் வலசை வருவதால், விளக்கொளியில் திகைத்துச் சில சமயம் வீட்டுக்குள் வந்து விழும். காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, இருட்டான, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தெளிந்ததும், இரவானால் விடிந்ததும், புதர் அருகில் விட்டுவிடலாம். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைப்பது சட்டப்படி குற்றம்.

கொல்லையைக் கூட்டும்போது ஒரு மூலைச் சருகையாவது விட்டுவையுங்கள். இவ்வளவு தூரம் பறந்து வருகிற குருவிக்கு இரை அதனடியில்தான் இருக்கிறது.