குறுவை நாற்று காத்திருக்காது



நாற்று பறிப்பதும் நுனி கிள்ளுவதும் கைப்பழக்கம் என்பார்கள். காரைக்கால் கடைமடையில் முதன்முதலாகக் குறுவைக்கு நாற்று விடும் உனக்குக் கைப்பழக்கத்துக்கு முன்னால் நாள்கணக்கு வேண்டும். பழைய சம்பா ரகங்கள் பல, பகல் சுருங்கும்போது கதிர் விடுபவை. அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற ஆய்வாளர்கள் புகையிலையை வைத்து 1920இல் விளக்கிய குணம் அது. ஆடுதுறை 36, 43 போன்ற குறுவை ரகங்கள் பகலின் நீளத்தை அவ்வளவாகப் பொருட்படுத்தாமல், ஏறத்தாழ 110 நாளில் முற்றிவிடும். கஞ்சாவிலும் இப்படி வயதுக்குப் பூக்கும் வகை உண்டு. தாவரவியலாளர் யானிஷெவ்ஸ்கி 1924இல் பெயரிட்ட ருடேராலிஸ் என்ற கஞ்சா இனத்தின் வழி வந்தது அது. இங்கே அதை வளர்த்தால் சிறைதான். சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் அதை வளர்ப்பவர்கள் தொட்டி மாற்றவும் கிளை வெட்டவும் தயங்குவது இதே நாள்கணக்குக்கு அஞ்சித்தான்.

கழித்துப் பார். பூத்து முற்ற 30 நாள், கதிர்க்கரு தோன்றிப் பூக்க 35 நாள். 110இல் மிச்சம் 45. தூர் கட்டுவதெல்லாம் பெரும்பாலும் அதற்குள்தான். 22ஆம் நாள் நட்டால், வேர் பிடிக்க ஒரு வாரம் போக, இரண்டு வாரம் கையில் இருக்கும். 35ஆம் நாள் நட்டால் மூன்றே நாள். நடவு அதிர்ச்சியில் பயிரின் வயதும் சற்று நீளுமே என்பாய். நீளும், ஆனால் இழந்த தூரை ஈடுகட்டும் அளவுக்கு நீளாது. நாற்றங்காலிலேயே முற்றிப்போன நாற்று ஒன்றின் தண்டை நகத்தால் பிளந்து பார்: அடியில் கணு விட்டிருக்கும், அதன்மேல் கடுகினும் சிறிய வெள்ளைப் பஞ்சுத் துணுக்கு நிற்கும். அதுதான் கதிர். அந்தத் தண்டுக்கு இனி உரம் போட்டுத் தூரை வரவழைக்க முடியாது.

தாத்தா காலத்தில் நாற்பது நாள் நாற்றையும் நுனி கிள்ளி நட்டு விளைந்ததே என்று யாராவது கேட்பார்கள். அது ஐந்து மாதச் சம்பா. இழந்ததை மீட்க அதற்கு அவகாசம் இருந்தது. கிள்ளினால் குருத்துப்பூச்சியின் முட்டைக்குவியல் போகும் என்பதும் மெய்தான். ஆகவே முட்டை இருக்கிறதா என்று முதலில் பார், இருந்தால் நுனியை மட்டும் கிள்ளு. பாக்டீரியா இலைக்கருகல் தென்படும் வயலில் கிள்ளவே கிள்ளாதே. நோய் நுழைய வெட்டுவாயே வாசலாகிவிடும்.

தண்ணீர் வராவிட்டால் என்ன செய்வது என்பதுதான் நியாயமான கேள்வி. மேட்டூரை ஜூன் 12இல் திறந்தாலும் அரசலாற்றின் கடைசி வாய்க்காலுக்குத் தண்ணீர் வர நாளாகும். காவிரித் தீர்ப்பில் காரைக்கால் அடங்கிய புதுச்சேரிக்கு 7 டிஎம்சி என்று எழுதியிருப்பது நாற்றுக்குத் தெரியாது. எனவே விதையை ஒரே நாளில் விடாமல், பத்து நாள் இடைவெளியில் இரண்டு தவணையாக விடு. முற்றிய நாற்றை நட்டே தீர வேண்டுமென்றால், குத்துக்கு இரண்டு மூன்று நாற்று கூட்டி வைத்து நெருக்கி நடு. இளைய தவணை தயாராக இருந்தால் மூத்ததை மாட்டுக்குப் போட்டுவிடு. விதைக்குக் கொடுத்த காசை நினைத்து அதற்கு மனம் வராமல்தான் பலர் அதையே நட்டுவிடுகிறார்கள்.