பருப்பா, முட்டையா?

பேராக்கின் சிலிம் ரிவர் வட்டாரத்தில் ரப்பர் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கின்றது. பல வீடுகளில் சோறும் பருப்புக் குழம்பும் மட்டும் மாறவில்லை. இவ்வுணவில் வளரும் பிள்ளைகளுக்குப் புரதம் போதுமா?

நம் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத அமினோ அமிலங்கள் 9. முட்டை, மீன், பால், இறைச்சி ஆகியவற்றின் புரதத்தில் இவையனைத்தும் வேண்டிய அளவில் அமைந்துள்ளன. எளிதில் செரிக்கவும் செய்கின்றன. அரிசியில் லைசின் குறைவு. பருப்பில் லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்துண்டால் ஒன்றன் குறையை மற்றது நிரப்பும். இட்லி மாவில் அரிசியோடு உளுந்து சேர்வதும் இவ்வகையினதே.

ஆனால், ஒரு தட்டுச் சோற்றின்மேல் நீர்த்த குழம்பை ஊற்றினால் இப்பயன் கிட்டாது. கரண்டியில் பருப்பு தெரிய வேண்டும்! சிறு பிள்ளைகளோ ஒரே வேளையில் மிகுதியாக உண்ண இயலாதவர்கள். அவர்களுக்கு ஒரு முட்டை ஏறத்தாழ 6 கிராம் புரதம் தரும். நெத்திலிக் கருவாடு சிறிதளவே போதும். முள்ளோடு உண்பதால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். உப்பு மிகுதியாதலால் நன்கு கழுவிச் சமைத்தல் வேண்டும். புலால் உண்ணாதோர் சந்தையில் தெம்பே வாங்கலாம். சோயா அவரையில் செய்யப்படும் அது, புரதத்தின் தரத்தில் பருப்பினும் மேலானது.