மார்க் எங்கேர்ந்து வருதுன்னு பாரு, தங்கச்சி!

ரிசல்ட் வந்த நாள்லேர்ந்து வீட்டுல ஒரே கேள்வி: "என்ன எடுக்கப் போறே?" சித்தப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ்ங்கிறார், எதிர் வீட்டு அக்கா பி.காம்ங்கிறாங்க. எல்லாரும் பேசுறது படிச்சு முடிச்ச பிறகு கிடைக்கிற வேலையைப் பத்தி. நடுவுல மூணு, நாலு வருஷம் தினமும் நீ என்ன செய்யப் போறேன்னு நான் கேக்குறேன்.

முதல்ல, இன்டர்நெட்ல பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லிட்டு, 'நான் பார்த்துப் படிக்கிற டைப், கேட்டுப் படிக்கிற டைப்'னு முத்திரை குத்திக்காதே. ஹரால்ட் பாஷ்லர்ங்கிற உளவியல் பேராசிரியரும் இன்னும் மூணு பேரும் 2008-ல இப்படி வகை பிரிக்கிற ஆராய்ச்சிகளை அலசிட்டு, அப்படிப் பிரிச்சுச் சொல்லிக்கொடுக்கப் போதுமான ஆதாரம் இல்லைன்னுட்டாங்க. உன் பழக்கத்தைப் பாரு, போதும். ப்ளஸ் டூவுல கெமிஸ்ட்ரியை எப்படி முடிச்சே? தினம் கொஞ்சமாவா, பரீட்சைக்கு முந்தின வாரம் மொத்தமாவா? லேப்ல நின்னா நேரம் போறது தெரியலையா, ரெகார்டு நோட்டைப் பார்த்தாலே எரிச்சல் வருதா?

அடுத்தது சிலபஸ். இன்ஜினியரிங்னா பாடத்தோட பேருக்குப் பக்கத்துல எல், டி, பி, சின்னு நாலு கட்டம் இருக்கும். எல்னா வகுப்புல உக்காந்து கேக்குற நேரம், டின்னா டுடோரியல், பின்னா பிராக்டிகல், சின்னா கிரெடிட். எட்டு செமஸ்டருக்கும் அந்த 'பி'யைக் கூட்டிப் பாரு. கைவேலை எவ்வளவு, காதுவேலை எவ்வளவுன்னு தெரிஞ்சிடும். தன்னாட்சிக் கல்லூரிகள்ல ஒரே பேருள்ள கோர்ஸுக்கே இந்தக் கணக்கு மாறும்.

மார்க் பிரிக்கிற விதம் இதைவிட முக்கியம். அண்ணா பல்கலையோட 2021 ரெகுலேஷன்ல தியரிக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் பரீட்சை 60. லேபுக்கு அப்படியே தலைகீழ். கலை அறிவியல் கல்லூரிகள் பலதுல 25-75. அந்த 75-ம் மூணு மணி நேரத்துல எழுதி வாங்கணும். கடைசி வாரம் விழுந்து விழுந்து படிக்கிறவளுக்கு அது தோதுப்படும். அவளையே வாராவாரம் அசைன்மென்ட் கேக்குற கோர்ஸ்ல விட்டா திணறிடுவா.

ஆர்க்கிடெக்சர் எடுத்தா அஞ்சு வருஷம் ஸ்டூடியோதான் வீடு. வரைஞ்சதையும் மாடலையும் மதிப்பிடுற ஜூரி முன்னாடி வச்சுட்டு நிக்கணும். எல்லார் முன்னாடியும் 'இது சரியில்லை'ம்பாங்க, திரும்ப வரையணும். செஞ்சு பார்த்தாத்தான் புரியும்ங்கிறவளுக்கு இதைவிடப் பொருத்தமா எனக்கு ஒண்ணும் தோணலை. விவசாயப் படிப்புலயும் கடைசி வருஷம் கிராமத்துக்குப் போய் விவசாயிகளோட இருந்து கத்துக்கிறது உண்டு. ஆனா வயல்னு மட்டும் நினைச்சுப் போயிடாதே, பூச்சிகளோட அறிவியல் பேர்களை மனப்பாடம் பண்றதும் அங்கே இருக்கு.

சி.ஏ. டிகிரி இல்லைதான், ஆனாலும் பி.காம் கனவோட கூடவே வர்றதால சொல்றேன். இன்டர் பரீட்சை முடிச்சு ரெண்டு வருஷம் ஆர்ட்டிக்கிள்ஷிப்ங்கிற பயிற்சி, முன்னாடி மூணா இருந்தது. பகல்ல ஆஃபீஸ், மிச்ச நேரத்துல தனியா படிப்பு.

ஆன்லைன்னா ஈஸின்னு ஒரு நினைப்பு ஊர்ல இருக்கு. சென்னை ஐஐடி நடத்துற டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிப்புல ஜே.இ.இ. இல்லாமலே சேரலாம். முதல் நாலு வாரம் வீடியோ பார்த்து, அசைன்மென்ட்ல தேறினாத்தான் தகுதித் தேர்வே எழுத விடுவாங்க, அதையும் நேர்ல சென்டருக்குப் போய் எழுதணும். யாரும் தட்டி எழுப்பாம நீயா உக்காந்து படிப்பியான்னு அந்த நாலு வாரத்துல தெரிஞ்சிடும். எனக்குப் பிடிச்சதே அதுதான்.

எந்த கோர்ஸா இருந்தாலும், நீ சேர நினைக்கிற காலேஜ்ல அதைப் படிக்கிற ரெண்டாம் வருஷ அக்கா யாரையாவது பிடி. "காலேஜ் எப்படி?"ன்னு கேட்டா "சூப்பர்"னுட்டுப் போயிடுவாங்க. "போன செவ்வாய்க்கிழமை காலையிலேர்ந்து ராத்திரி வரை என்ன பண்ணீங்க? எந்த பேப்பர்ல நிறைய பேருக்கு அரியர்? நோட்ஸ் சொல்லி எழுத வைப்பாங்களா?"ன்னு கேளு. தமிழ் வழியில படிச்சிருந்தா, முதல் வருஷம் வகுப்புல எவ்வளவு தமிழ்ல விளக்குறாங்கன்னும் கேட்டுடு.

சேர்ந்த பிறகு ஒத்துவரலைன்னா முதல் மாசத்துக்குள்ளயே வீட்டுல வாயைத் திற. ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கல்லூரி பிடிச்சு வச்சுக்கக் கூடாதுன்னு யுஜிசி 2018-லயே அறிவிச்சிருக்கு. ஃபீஸ் எவ்வளவு திரும்ப வரும்ங்கிறது மட்டும் அட்மிஷன் கடைசித் தேதியைப் பொறுத்துக் குறைஞ்சுட்டே போகும். அந்தத் தேதியைச் சேர்ற அன்னைக்கே கேட்டு எழுதி வச்சுக்க, அப்பாகிட்டயும் சொல்லி வை.