கால் தளர்ந்தால் கழனி கைவிட்டுப் போகும்

மண்ணுக்கு என்ன போடணும், பயிருக்கு என்ன தெளிக்கணும்னு மாசா மாசம் பேசுறோம். கழனிக்குப் போய் வர்ற நம்ம காலைப் பத்திப் பேசறது குறைவு. இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கமிருந்து மனைக்கல் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. நிலம் விற்றவர்களிடம் கேட்டால் விலையைத்தான் முதலில் சொல்வார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசினால் இன்னொன்றும் வரும்: "வரப்புல நடக்க முடியல, பசங்க வெளியூர்ல இருக்காங்க, யாரு பார்த்துக்கறது?" இரசாயன விவசாயத்தையாவது ஆள் விட்டுச் செய்யலாம். நம்ம விவசாயத்துக்கு நாமே போய் இலையைப் புரட்டிப் பார்க்கணும், மண்ணைக் கையில் எடுத்துப் பார்க்கணும். கால் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

காலுக்குள் என்ன நடக்கிறது?

வயதாவதால் தசையும் அதன் வலுவும் குறைவதற்கு 1989இல் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பெர்க் 'சார்கோபீனியா' என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் 'சதைக் குறைவு' என்று பொருள். இதில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நெல் மூட்டையை நிதானமாகத் தூக்குவது பலம். ஈர வரப்பில் ஒரு கால் வழுக்கும்போது மறு காலைச் சட்டுனு ஊன்றி நிற்பது வேகத்திறன். 65 வயதுக்கு மேல் பலம் ஆண்டுக்கு 1 முதல் 2 விழுக்காடு குறைகிறது என்றால், வேகத்திறன் 3 விழுக்காட்டுக்கு மேல் குறைகிறது. அதனால்தான் மூட்டை தூக்குகிற பெரியவரும் வரப்பில் விழுகிறார்.

ஏரிப் பாசனத்தோடு ஒப்பிட்டால் காரணம் விளங்கும். முதுகுத்தண்டிலிருந்து வரும் ஒவ்வொரு நரம்பும் ஒரு வாய்க்கால் மாதிரி. அது பல தசைநார்களுக்குக் கட்டளையைப் பாய்ச்சுகிறது. வயதாக ஆகச் சில வாய்க்கால்கள் தூர்ந்து போகின்றன. பக்கத்து வாய்க்கால் கொஞ்சம் வயலை ஏற்றுக்கொள்ளும், மீதி காய்ந்துவிடும். வேகமாக இயங்கும் தசைநார்களுக்குத்தான் இதில் இழப்பு அதிகம்.

"நாங்கதான் தினமும் வேலை செய்யறோமே?"

கூட்டத்தில் இதைச் சொன்னதும் வரும் கேள்வி இது. நம் பெரியவர்கள் ஏற்றம் மிதித்தார்கள், சேடை ஓட்டினார்கள், தலைச்சுமையோடு வரப்பில் ஓடினார்கள். பளுவும் வேகமும் சேர்ந்தே இருந்தன. இன்று தண்ணீருக்கு மோட்டார், உழவுக்கு டிராக்டர், கழனிக்குப் போக வண்டி. மிச்சமிருப்பது குனிந்து செய்கிற வேலையும் நடையும். நடை இதயத்துக்கு நல்லது, விடக்கூடாது. ஆனால் தொடைக்குப் பளு கொடுக்க அது மட்டும் போதாது.

இழந்ததை மீட்க முடியுமா? முடியும். 1990இல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு 8 வாரம் தொடைக்குப் பளுப் பயிற்சி கொடுத்தார்கள். முழுதாக முடித்த 9 பேருக்குத் தொடை வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. நமக்கு அறுபதோ எழுபதோதானே ஆகிறது!

முதலில் சோதித்துப் பாருங்கள்

கை வைக்காத நாற்காலியைச் சுவரோரம் போடுங்கள். இரண்டு கைகளையும் மார்பில் கட்டிக்கொண்டு, 5 முறை முழுதாக எழுந்து உட்காருங்கள். 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் கால் தளர்கிறது என்று பொருள். ஆசிய நாட்டு மருத்துவர்கள் 2019இல் வகுத்த அளவு இது.

அடுத்தது, மாமல்லபுரம் அருச்சுனன் தபசுப் பாறையில் ஒற்றைக்காலில் நிற்கிறவரை எல்லாரும் பார்த்திருப்போம். அதே மாதிரி ஒரு காலில் 10 நொடி நில்லுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் தூணோ சுவரோ இருக்கட்டும்.

வாரம் மூன்று நாள் பயிற்சி

1. நாற்காலியிலிருந்து சட்டுனு எழுந்து, மூன்று எண்ணி மெதுவாக உட்காரவும். 8 முதல் 10 முறை, இடைவெளி விட்டு 2 சுற்று. எழும் வேகம்தான் இதில் முக்கியம். சுலபமானால் ஒரு படி நெல்லைப் பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு செய்யவும்.

2. மோட்டார் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி இறக்கவும். 10 முறை.

3. வாசற்படி ஒன்றில் ஏறி இறங்கவும். ஒவ்வொரு காலுக்கும் 8 முறை.

4. ஒற்றைக்கால் நிலை, காலுக்கு 10 நொடி.

மூட்டு தேய்ந்தவர்கள் உயரமான இருக்கையில் தொடங்கலாம், முழுதாகக் குந்த வேண்டாம். தொடை வலுத்தால் மூட்டின் மேல் விழும் சுமை குறையும். நெஞ்சுவலி, தலைசுற்றல், அண்மையில் அறுவை சிகிச்சை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்கணும்.

உரமில்லாமல் விளையாது

வயதானவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 60 முதல் 72 கிராம். 300 கிராம் அரிசியில் ஏறக்குறைய 23 கிராம்தான் கிடைக்கும். அதோடு 50 கிராம் கொள்ளு (11), 50 கிராம் வேர்க்கடலை (12), இரண்டு நாட்டுக்கோழி முட்டை (சுமார் 12), ஒரு தம்ளர் பால் (6) சேர்த்தால் 64 ஆச்சு. கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு மத்தியும் நெத்திலியும் இருக்கவே இருக்கு. கொள்ளும் கடலையும் நம்ம கழனியிலேயே விளைவதுதானே? எல்லாவற்றையும் விற்காமல் வீட்டுக்குக் கொஞ்சம் ஒதுக்குங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும்.

காய்ச்சலுக்குப் பின் கவனம்

நலமாக இருந்த முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ சதை குறைந்தது. ஆகவே காய்ச்சல் தணிந்ததும் "பெரியவரு படுத்தே இருக்கட்டும்"னு விடாதீர்கள். கட்டிலிலிருந்து எழுந்து உட்காருவதே அவருக்கு அன்றைய பயிற்சி. வெளியே போக முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

இன்று சாயங்காலமே நாற்காலிச் சோதனையைச் செய்து, ஆன நொடியை விதைக் கணக்கு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். வீட்டுப் பெண்களையும் செய்யச் சொல்லுங்கள். எட்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். இரண்டு கணக்கையும் கூட்டத்துக்குக் கொண்டு வாங்க, பேசுவோம்.