பழைய நாற்காலி வாங்கப் போகும் வாசகிக்கு

அன்புள்ள வாசகிக்கு,

முதல் வீட்டுக்குக் குடிபோகும் சந்தோஷத்தோடு ஒரு கேள்வியும் எழுதியிருக்கிறீர்கள். 1950, 60களின் 'மிட் செஞ்சுரி மாடர்ன்' பாணியில் பழைய மரச்சாமான்களை வாங்கி வீட்டை அமைக்கலாமா, அதற்கு நிறையப் பணம் வேண்டுமா என்பது கேள்வி. தாராளமாக அமைக்கலாம். பணத்தைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும். இதே ஆசை பலருக்கும் இருப்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

இந்தப் பாணிக்கு இப்பெயர் பரவலானது 1984இல், காரா கிரீன்பர்க் எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான். சாமான்களோ அதற்கு முப்பது ஆண்டு மூத்தவை. டென்மார்க்கில் ஹான்ஸ் வெக்னர், அமெரிக்காவில் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி என்று வடிவமைப்பாளர்கள் பலர் ஒரே திசையில் யோசித்தார்கள். செதுக்கு வேலை வேண்டாம், மரம் குறைவாகப் போதும், சின்ன வீட்டிலும் அடங்க வேண்டும். அவர்கள் செய்தவற்றின் அசலை இங்கே வரவழைத்தால், உங்கள் வீட்டுக் கடன் தவணையோடு இன்னொரு தவணையும் சேரும். அதனால் நம் நாட்டுக் கதைக்கு வருகிறேன்.

1951 முதல் சண்டிகர் நகரம் எழுந்தபோது, அதைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் லெ கார்பூசியேவின் ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்னரே அங்கேயே தங்கி வேலை பார்த்தார். அலுவலகம், கல்லூரி, விடுதி எல்லாவற்றுக்கும் ஆயிரக்கணக்கில் நாற்காலியும் மேசையும் தேவைப்பட்டன. அவரும், யூலி சவுத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களும் சேர்ந்து வடிவங்கள் வகுத்தார்கள். உள்ளூர்ப் பட்டறைகள் செய்துகொடுத்தன. தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், கவராயம் விரித்த வடிவில் கால்கள். தேக்கைக் கறையான் எளிதில் தொடாது. பிரம்பில் காற்று புகும். குமாஸ்தா உட்கார்ந்து கோப்பு பார்ப்பதற்கான நாற்காலி அது, கலைப்பொருள் அல்ல.

பிரம்பு அறுந்ததும் அதன் விதி மாறியது. பின்னித் தருவதற்குப் பதில் புதிய நாற்காலிகள் வாங்கினார்கள். பழையவை மொட்டை மாடிகளிலும் முற்றங்களிலும் குவிந்து, பிறகு அடிமாட்டு விலைக்கு ஏலம் போயின. 1990களின் இறுதியிலிருந்து பிரெஞ்சு வியாபாரிகள் அவற்றை அள்ளிச் சென்று, புதுப்பித்து, உலக ஏலங்களில் ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றார்கள். 2011இல்தான் உள்துறை அமைச்சகம் விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் தடை போட்டது. ஆகவே, 'சண்டிகர் ஒரிஜினல்' என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். பின்பக்கம் வெள்ளை பெயின்ட்டில் எழுதிய அலுவலக எண்ணைக் காட்டுவார்கள். அதையும் போலியாக எழுத முடியும். 'இது புதிதாகச் செய்த நகல்' என்று ஒளிக்காமல் விற்கும் பட்டறையிடம் வாங்குவது எவ்வளவோ மேல்.

பழசைப் பேணிவரும் இடமும் உண்டு. புதுச்சேரிப் பக்கம் போனால் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியை வெளியிலிருந்தாவது பாருங்கள். கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது. அவருடைய டோக்கியோ அலுவலகத்திலிருந்து 1937இல் வந்த ஜார்ஜ் நகாஷிமா கட்டட வேலையை மேற்பார்வை பார்த்தார்; அறைகளுக்கான தேக்குச் சாமான்களையும் வடிவமைத்தார். பின்னாளில் அமெரிக்காவின் பெரிய மரக்கலைஞர்களில் ஒருவராகப் பெயர் பெற்றவர், சாமான் செய்யத் தொடங்கியது இங்கேதான். அந்தக் கட்டடம் இன்றும் விடுதியாகவே இயங்குகிறது. பராமரிப்பு அங்கே அன்றாட வேலை. சண்டிகருக்கும் கோல்கொண்டேவுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

இனி கடைக்குப் போவோம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டுத் தூண்களுக்கும் எனாமல் பாத்திரங்களுக்கும் இடையே பிரம்பு நாற்காலியும் எளிய மேசையும் அகப்படலாம். மும்பை சோர் பஜாரும் டெல்லி அமர் காலனியும் இன்னும் பெரிய கடல். அதற்கு முன் தாத்தா வீட்டுப் பரணையும் பின்கட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்தக் காலத்து அலுவலக நாற்காலி ஒன்று மூன்று காலோடு அங்கே கிடந்தாலும் ஆச்சரியமில்லை.

எதை எடுத்தாலும் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். மேல்பக்கம் பாலிஷ் பேசும். அடிப்பக்கம்தான் உண்மை பேசும். கட்டைகள் துளையும் கழுந்துமாகக் கோத்திருந்தால் பிரித்து மறுபடி ஒட்டலாம். ஆணி அடித்துச் சமாளித்திருந்தால் பிளவு எங்கே என்று தேடுங்கள். சிறு துளைகளும் அவற்றினடியில் மாவு போன்ற புதுத் தூளும் தெரிந்தால் மரம் உளுக்கிறது, விட்டுவிடுங்கள். மேல்பரப்பின் ரேகை விளிம்பில் தொடரவில்லை என்றால் அது பெரும்பாலும் வெனீர், அதாவது மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடு. வெனீர் குற்றமில்லை, ஆனால் உப்புத்தாள் போட்டு அழுத்தித் தேய்த்தால் அடிமரம் பல்லிளித்துவிடும்.

பிரம்பு தொய்ந்திருந்தால் அடிப்பக்கம் ஈரத்துணியால் நன்றாக நனைத்து உலர விடுங்கள், ஓரளவு இறுகும். அறுந்திருந்தால் பின்னுபவரைத் தேடிப் பிடியுங்கள். அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள், நாளெல்லாம் குனிந்து செய்கிற வேலை அது. பழைய அரக்குப் பாலிஷ் மங்கியிருந்தால் மறுபடி அரக்கே பூசச் சொல்லுங்கள். பளபளவென்று மெலமைன் அடித்துவிட்டால், நீங்கள் பழசு வாங்கியதற்கே அர்த்தமில்லை.

வீட்டில் வைக்கும்போது சுவரோடு சுவராக அடைக்காதீர்கள். மெல்லிய கால்களுக்கு அடியில் தரை தெரிந்தால் சின்ன ஹாலும் பெரிதாகத் தோன்றும், துடைப்பமும் தடையில்லாமல் போகும். மாப் போடும் தண்ணீர் கால்களில் ஏறாமல் இருக்க ரப்பர் புஷ் மாட்டுங்கள். இந்தப் பாணியின் சாய்வு நாற்காலிகள் பல தாழ்வானவை. மூட்டுவலிக்காரர் எழுந்திருக்கச் சிரமப்படுவார். பெற்றோர் வந்து தங்கும் வீடானால், கைப்பிடியோடு, இருக்கை 45 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள ஒரு நாற்காலி கட்டாயம் இருக்கட்டும். எல்லாமே ஒரே காலத்துச் சாமானாக இருந்தால் வீடு சினிமா செட் ஆகிவிடும். பாட்டியின் ஊஞ்சலும் உங்கள் ஸ்டீல் பீரோவும் கூடவே இருக்கட்டும்.

பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், பழுதுபார்க்க முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். பால் காய்ச்சுவதற்குள் வீடு நிறைந்துவிட வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. இப்போதைக்கு ஒரு நல்ல நாற்காலி போதும். அதில் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் உட்கார்ந்து பாருங்கள். அடுத்து என்ன தேவை என்பது அதற்குள் உங்களுக்கே தெரிந்துவிடும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்