மரபணு ஆய்வுக்கு வரும் இளம் ஆய்வாளருக்கு

மனித மரபணு ஆய்வு, கொடுத்து வாங்கி வளர்ந்த துறை. 1996 பிப்ரவரியில் பெர்முடா தீவில் கூடிய ஆய்வாளர்கள், படித்தெடுத்த டி.என்.ஏ. வரிசையை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். பிரிட்டனின் ஜான் சல்ஸ்டனும் அமெரிக்காவின் ராபர்ட் வாட்டர்ஸ்டனும் அதற்கு முன்நின்றவர்கள். பலன் காப்புரிமைகளுக்குள் முடங்கிவிடக் கூடாது என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. பகிர வேண்டிய தேவை இன்றும் தீரவில்லை. அரிய நோயோடு பிறந்த ஒரு குழந்தையின் மரபணுவில் தெரியும் மாற்றம் நோய்க்குக் காரணமா, வெறும் வேறுபாடா என்பதை ஒரே ஒரு மருத்துவமனையின் கோப்புகளை வைத்துப் பெரும்பாலும் சொல்ல முடியாது. அதே மாற்றமும் அதே நோயும் உள்ள இன்னொரு குழந்தை வேறொரு நாட்டில் கிடைக்கும்போதுதான் விடை துலங்குகிறது. தரவைப் பூட்டிவைக்கப் பழகும் ஆய்வாளர் அந்தக் குழந்தைகளுக்குத் தீங்கு செய்கிறார்.

ஆனால் பகிரப்படும் பொருள் மற்றத் தரவுகளைப் போன்றதல்ல. வங்கிக் கடவுச்சொல் வெளியே போனால் மாற்றிக்கொள்ளலாம். மரபணுவை மாற்ற முடியாது. தவிர, ஒருவர் தரும் ஒரு குழாய் ரத்தத்தில் அவர் மட்டும் இல்லை. பெற்றோர் ஒவ்வொருவரோடும் பாதி, உடன்பிறந்தாரோடு சராசரியாகப் பாதி, சித்தப்பாவோடும் அத்தையோடும் சராசரியாகக் கால் பங்கு பொதுவாக இருக்கிறது. அக்கா கையெழுத்திடும் படிவம் தம்பியின் உடம்பையும் பாதி திறந்து காட்டுகிறது. தம்பியை யாரும் கேட்பதில்லை.

மறைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு ஜேம்ஸ் வாட்சனின் கதையே போதும். டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான அவர், 2007இல் தன் முழு மரபணு வரிசையை வெளியிடச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை: 19ஆம் குரோமோசோமில் உள்ள ‘அபோ-இ’ மரபணுவைக் காட்டக் கூடாது. முதுமையில் அல்சைமர் மறதி நோய் வரும் வாய்ப்பை அது குறிக்கும்; அவருடைய பாட்டி அந்நோயால் பாதிக்கப்பட்டவர். அந்த மரபணு நீக்கப்பட்டது. அதைச் சுற்றியிருந்த பகுதிகளோ அப்படியே நின்றன. பக்கத்துப் பக்கத்து மரபணு மாற்றங்கள் பெரும்பாலும் சேர்ந்தே வழிவழியாக வருவதால், விடுபட்ட இடத்தை அக்கம்பக்கத்தை வைத்து ஊகித்துவிடலாம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் சுட்டிக்காட்டினார்கள். அதன்பின் அந்த மரபணுவைச் சுற்றிலும் சுமார் 20 லட்சம் எழுத்துகள் நீக்கப்பட்டன. துறையின் தந்தையருள் ஒருவருக்கே இந்த நிலை என்றால், ஆய்வு முகாமில் கை நீட்டி ரத்தம் கொடுத்த ஒருவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

பெயரை அழித்துவிட்டு எண்ணைப் போட்டால் ஆள் தெரியாது என்ற நம்பிக்கையும் நிலைக்கவில்லை. பல நூறு பேரின் தரவைக் கூட்டிச் சராசரியாக வெளியிட்டாலும், குறிப்பிட்ட ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருக்கிறாரா என்பதைக் கணிக்க முடியும் என்று 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் அத்தகைய கூட்டுத் தரவுகளை உடனே பொதுப் பார்வையிலிருந்து எடுத்தது. 2013இல் யானிவ் எர்லிக் என்ற ஆய்வாளரின் குழு இன்னும் ஒரு படி போனது. ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகிறது. மேற்கு நாடுகளில் குடும்பப் பெயரும் அப்படியே. வம்சாவளி ஆர்வலர்களின் பொதுத் தரவுத்தளங்களில் ஒய் குறிகளைத் தேடிக் குடும்பப் பெயரை ஊகித்து, வயதையும் மாநிலத்தையும் சேர்த்துப் பார்த்து, பெயரில்லாத தரவிலிருந்து ஏறத்தாழ 50 பேரை அவர்கள் அடையாளம் கண்டார்கள். தமிழருக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது, பெயரின் முன்னெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அதனால் இந்த வழி இங்கே அவ்வளவு எளிதில் பலிக்காது. ஆனால் ஊரும் சாதியும் நோயும் ஒரே வரியில் அச்சானால் போதும், சிறிய ஊரில் அது யார் வீடு என்று எவரும் சொல்லிவிடுவார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் வரும் வம்சாவளிப் படத்தை இளம் ஆய்வாளர் இந்தக் கண்ணோடு ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

அப்படியென்றால் பூட்டுவதா, திறப்பதா? இரண்டுக்கும் நடுவே வழி உண்டு. ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து 1951இல் அவர் அறியாமல் எடுக்கப்பட்ட ‘ஹீலா’ செல்கள் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்கின்றன. 2013 மார்ச்சில் ஜெர்மனியில் உள்ள ஆய்வாளர்கள் அவற்றின் மரபணு வரிசையை வெளியிட்டபோது குடும்பத்தை யாரும் கேட்கவில்லை. எதிர்ப்பு எழுந்ததும் தரவு விலக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் தேசிய சுகாதார நிறுவனம் குடும்பத்தோடு உடன்பாடு கண்டது: வரிசை வேண்டுவோர் விண்ணப்பிக்க வேண்டும், விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் குழுவில் குடும்பத்தாரும் இருப்பார்கள். ஆய்வு நின்றுபோகவில்லை. 10,000 இந்தியரின் மரபணு வரிசையைத் தொகுத்த ஜீனோம் இந்தியா திட்டமும், 2025 ஜனவரியில் ஃபரிதாபாதில் உள்ள தரவு மையம் வழியாகத் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்தபோது, விண்ணப்பமும் அனுமதியும் என்ற முறையையே எடுத்துக்கொண்டது.

இவை எல்லாவற்றுக்கும் முந்தியது, ரத்தம் எடுக்கும் இடத்தில் நடக்கும் பேச்சு. ஒப்புதல் படிவம் பல பக்கம் ஓடும். கையெழுத்திடுபவர் அதை அரிதாகவே படிக்கிறார். எதிரே நிற்பவர் வாயால் சொன்னதை நம்பியே கையை நீட்டுகிறார். ‘சர்க்கரை நோய்க்காக’ என்று சொன்னால் அதுவே அவரைப் பொறுத்தவரை ஒப்பந்தம். ‘உங்கள் பெயர் ஒருநாளும் தெரியாது’ என்று சொல்ல எந்த ஆய்வாளருக்கும் இன்று உரிமை இல்லை. தெரியாமல் இருக்க என்னென்ன செய்யப்படும், யார் யார் பார்ப்பார்கள், பின்னால் வேறு ஆய்வுக்குப் போகுமா, வேண்டாம் என்றால் எப்படித் திரும்பப் பெறலாம் என்பதைத்தான் அவர் பேசும் மொழியில் சொல்ல வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவாசுபாய் மக்கள், தங்களை வாட்டிய சர்க்கரை நோய்க்கு விடை கிடைக்கும் என்று நம்பி 1990 முதல் ரத்தம் கொடுத்தார்கள். படிவத்தின் வாசகம் அதைவிட விரிவாக இருந்தது. பிறகு அந்த ரத்தத்தில் மனச்சிதைவு பற்றியும், நெருங்கிய உறவில் மணம் பற்றியும், அவர்களின் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆய்வுகள் நடந்தன. மூதாதையர் பற்றிய முடிவு, தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்ற அவர்களின் நம்பிக்கைக்கு எதிரானது. 2003இல் விஷயம் தெரியவந்து, மறு ஆண்டு வழக்குத் தொடுத்தார்கள். 2010 ஏப்ரலில் ரத்தம் எடுத்த ஆய்வாளர்களின் பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கும் அரிசோனா ஆளுமைக் குழு 41 பேருக்கு மொத்தம் 7 லட்சம் டாலர் கொடுத்தது. உறைபெட்டியில் இருபது ஆண்டுகள் கிடந்த ரத்த மாதிரிகளை அந்த மக்கள் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.